டேலியும் பழைய பில்லிங் மென்பொருளும் 4 ஊர்களில் ஓட வேண்டும்: ரிமோட் டெஸ்க்டாப்புக்கு எதை எடுப்பது?

கோவை_கணக்கு:

வணக்கம். பம்ப்செட் உதிரிபாகம் மொத்த வியாபாரம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்காகக் கேட்கிறேன். தலைமை அலுவலகம் கோவை. ஈரோடு, சேலம், திண்டுக்கல் மூன்றிலும் கிளை உண்டு. கணினியில் வேலை செய்பவர்கள் 26 பேர். ஒரே சமயத்தில் 22 பேரைத் தாண்டாது. 26 பேரில் 14 பேர் வெளியூர்.

ஓடுவது மூன்றுதான்: டேலி பிரைம் கோல்டு (பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணக்கு மென்பொருள்), விபி6 நிரல்மொழியில் எழுதிய பழைய பில்லிங்-ஸ்டாக் புரோகிராம், எக்செல். பில்லிங்குக்குப் பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற தரவுத்தளம் இருக்கிறது. கிளைகளில் டெலிவரி சலானை 10 x 6 அங்குலத் தொடர்தாளில் டாட் மேட்ரிக்ஸில் அடிக்கிறோம். பார்கோடு லேபிளுக்குத் தனித் தெர்மல் பிரிண்டர்.

இப்போது விபிஎன் (இணையத்தின் மேல் பூட்டிய தனிப் பாதை) போட்டு, கிளையிலிருந்தே கோவை சர்வரின் டேலி டேட்டா ஃபோல்டரைத் திறக்கிறார்கள். ஒரு வவுச்சர் சேமிப்பதற்குள் வாடிக்கையாளர் பொறுமை இழக்கிறார். லைன் நடுவில் விட்டால் டேட்டாவை ரிப்பேர் போட வேண்டியிருக்கிறது.

வந்திருக்கும் யோசனைகள்:

1. விண்டோஸ் சர்வர் வாங்கி ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்: ஒரே சர்வரில் பலர் தொலைவிலிருந்து வேலை செய்யும் வசதி) போடுங்கள்.
2. அதில் பாதி விலைக்கு வேறொரு மென்பொருள். "மைக்ரோசாஃப்ட் ரிமோட் லைசென்ஸே வேண்டாம்" என்கிறார் விற்பவர்.
3. மாத வாடகைக்கு கிளவுட் டெஸ்க்டாப்.
4. ஆளுக்கொரு எனிடெஸ்க்.
5. சிட்ரிக்ஸ்.

டொமைன் (எல்லாக் கணினிக்கும் பயனருக்கும் ஒரே மைய நிர்வாகம்) இல்லை, எல்லாம் ஒர்க்குரூப் (ஒவ்வொரு கணினியும் தனித்தனி). கிளைக் கணினிகள் விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம். எதை எடுக்கலாம், சர்வர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், பிரிண்டர் ஒழுங்காக வேலை செய்யுமா?

ரேக்_அறை:

முதலில் இப்போது ஏன் மந்தம் என்பதைப் பார்த்துவிடுவோம், தேர்வு அதிலிருந்து தானாக வரும். டேலி கோப்பு அடிப்படையில் வேலை செய்கிறது. ஒரு வவுச்சரைச் சேமிக்க, கிளைக் கணினி கோவை ஃபோல்டரில் நூற்றுக்கணக்கான சிறு சிறு படிப்புகளையும் எழுதல்களையும் செய்கிறது. ஒவ்வொன்றும் போய்ப் பதிலோடு திரும்ப வேண்டும். அலுவலக லேனில் ஒரு போக்குவரத்துக்கு 1 மில்லிசெகண்ட்கூட ஆகாது. விபிஎன் வழியே 25 என்று வைத்தால், 400 போக்குவரத்துக்கு 10 விநாடி. இணைய வேகத்தை 50-இலிருந்து 200 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் இந்த 10 விநாடி குறையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது லைன் விட்டால் பாதி எழுதிய கோப்பு மிஞ்சும். உங்கள் ரிப்பேர் தொல்லை அதனால்தான்.

ஆகவே மென்பொருளும் டேட்டாவும் ஒரே இடத்தில் ஓட வேண்டும். கிளைக்குத் திரையின் படம் மட்டும் போக வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் செய்வது அதைத்தான். லைன் விட்டாலும் செஷன் (ஒருவர் திறந்து வைத்திருக்கும் வேலைத்திரை) சர்வரில் உயிரோடு இருக்கும், திரும்ப இணைந்தால் விட்ட இடத்திலேயே வவுச்சர் நிற்கும்.

"அப்ளிகேஷன் விர்ச்சுவலைசேஷன்" என்று யாராவது விற்க வந்தால், எந்த வகை என்று கேளுங்கள். ஆப்-வி, எம்எஸ்ஐஎக்ஸ் போன்றவை மென்பொருளைப் பொட்டலமாக்கிப் பயனர் கணினியிலேயே ஓட்டும். ஒரு மென்பொருள் இன்னொன்றோடு மோதுவதையும் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக நிறுவும் வேலையையும் அது தீர்க்கும். தூரத்தை அது தீர்க்காது, டேட்டா கோவையில்தானே இருக்கிறது? தவிர, ஆப்-வி சர்வர் பகுதிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான், புதிதாக அதில் இறங்க வேண்டாம். உங்களுக்குத் தேவை ரிமோட்ஆப்: மென்பொருள் சர்வரில் ஓடும், அதன் ஜன்னல் மட்டும் கிளைத் திரையில் தனி மென்பொருள்போல வரும். விண்டோஸ் சர்வர் 2008-இலிருந்து இது ஆர்டிஎஸ்ஸின் அங்கம்.

எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் ஒரு கணினியின் திரையை இன்னொருவர் பார்த்துச் சரிசெய்ய. 14 வெளியூர் ஆட்களுக்கு கோவையில் 14 கணினி ஓட வேண்டியிருக்கும். பழுது பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், தினசரி வேலைக்கு வேண்டாம். சிட்ரிக்ஸும் ஹொரைசனும் (இரண்டுமே ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள்கள்) நல்ல தொழில்நுட்பம். ஆனால் நூற்றுக்கணக்கான பயனர்களையும் அதற்கென்றே ஒரு நிர்வாகியையும் மனதில் வைத்துச் செய்தவை. இரண்டும் சமீபத்தில் கைமாறியிருக்கின்றன: சிட்ரிக்ஸ் 2022-இல் டிப்கோவுடன் இணைந்து கிளவுட் சாஃப்ட்வேர் குரூப் ஆனது; ஹொரைசன் 2024-இல் விஎம்வேரிலிருந்து பிரிந்து ஆம்னிசா ஆனது. 26 பேருக்கு அந்த உரிமத் திட்டங்கள் கட்டுப்படியாகாது.

என் தேர்வு: சொந்த சர்வர், விண்டோஸ் ஆர்டிஎஸ், முன்னால் கேட்வே (வெளியிலிருந்து வருபவர்களைச் சோதித்து உள்ளே விடும் வாயில்) அல்லது விபிஎன்.

அளவு. ஒரே பெட்டியில் ஹைப்பர்-வி போட்டு மெய்நிகர் சர்வர்களாகப் பிரியுங்கள். செஷன் ஹோஸ்டுக்கு (எல்லோருடைய செஷனும் ஓடும் சர்வர்) கணக்கு இப்படி: டேலியும் பில்லிங்கும் எக்செலும் திறந்திருக்கும் ஆளுக்கு 2 ஜிபி, 22 பேருக்கு 44, விண்டோஸுக்கு 4, ஆக 48; 64 ஜிபி கொடுங்கள். குரோமையும் செஷனுக்குள் திறக்க விட்டால் ஆளுக்கு 3 ஜிபி ஆகி 64-ஐத் தாண்டிவிடும், அப்போது 96. பிரவுசர் வேலையைக் கிளைக் கணினியிலேயே வைத்துக்கொள்வது மேல். பிராசசரில் நடுத்தர வேலைக்கு ஒரு விசிபியுவுக்கு (மெய்நிகர் பிராசசர்) 4 பேர் என்பது மைக்ரோசாஃப்டின் வழிகாட்டல். அதன்படி 6 போதும், ஆனால் காலை 9:30-க்கு எல்லோரும் ஒன்றாக உள்ளே வருவதைத் தாங்க 10 அல்லது 12 கொடுங்கள். டேலி ஒரே கோரில் அதிகம் சாய்வதால், கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். 32 கோர் 2.1 கிகாஹெர்ட்ஸை விட 16 கோர் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுவதை எடுங்கள்.

டிஸ்க்: சர்வர் தர எஸ்எஸ்டி இரண்டு, ரெய்டு 1 (ஒரே தரவு இரண்டிலும் இருக்கும்). பழைய சுழலும் டிஸ்க்கில் ரெய்டு 5 போட்டுக் கொடுக்க வந்தால் மறுத்துவிடுங்கள். சிறு எழுதல்களுக்கு அதைவிட மோசமான அமைப்பு இல்லை.

இணையம்: நடுத்தர வேலைக்கு ஆளுக்கு 3 எம்பிபிஎஸ் என்று வைத்து, 14 பேருக்கு 42. இது கோவையின் அப்லோடு வேகம் என்பதைக் கவனியுங்கள். 100 எம்பிபிஎஸ் என்று சொல்லும் சில திட்டங்களில் அப்லோடு மிகக் குறைவு. கோவையில் நிலையான ஐபி கட்டாயம், வேறு நிறுவனத்தின் இரண்டாவது லைனும் கட்டாயம். கோவை லைன் விழுந்தால் மூன்று கிளையும் நிற்கும். சொந்த சர்வரின் உண்மையான விலை அதுதான்.

உரிமம்_பார்:

"மைக்ரோசாஃப்ட் ரிமோட் லைசென்ஸே வேண்டாம்" என்றவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். விண்டோஸ் சர்வரின் உரிம விதி தெளிவாகவே இருக்கிறது: சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் அல்லது கருவிக்கும் ஆர்டிஎஸ் கேல் (சர்வரைப் பயன்படுத்தும் உரிமம்) வேண்டும், அது ஆர்டிஎஸ் வழியாக இருந்தாலும் வேறு எந்தத் தொழில்நுட்பம் வழியாக இருந்தாலும். டிஎஸ்பிளஸ், பேரலல்ஸ் ஆர்ஏஎஸ் போன்ற மாற்று ரிமோட் மென்பொருள்கள் எல்லாம் இதற்குள் வரும். அவற்றின் வெப் போர்ட்டலும் பொதுப் பிரிண்டர் டிரைவரும் உண்மையிலேயே பயனுள்ளவை. ஆனால் அவை கேலுக்கு மேல் கூடுதல் செலவு. கேலுக்கு மாற்று இல்லை. விண்டோஸ் 11 புரோவில் ஃபைலைத் திருத்திப் பலரை ஒரே நேரத்தில் ஏற்றுவது இன்னும் மோசம்: உரிம மீறல், மாதாந்திர அப்டேட் வந்ததும் நின்றுவிடும், ஆன்டிவைரஸும் பிடிக்கும்.

நீங்கள் வாங்க வேண்டியவை:

விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு, பெட்டியின் எல்லாக் கோருக்கும் (குறைந்தது 16). ஒரு முழு உரிமத்துக்கு 2 மெய்நிகர் சர்வர். டொமைன் கன்ட்ரோலர் (பயனர் பெயர், கடவுச்சொல் காக்கும் சர்வர்), செஷன் ஹோஸ்ட், கேட்வே-புரோக்கர் (புரோக்கர் இணைப்பைச் சரியான செஷனுக்கு அனுப்பும்), எஸ்க்யூஎல் என்று நான்காகப் பிரிக்க அதே பெட்டிக்கு இரண்டாவது முறை உரிமம் வாங்க வேண்டும். பணம் இடித்தால் எஸ்க்யூஎல்லை இப்போதைய சர்வரிலேயே விட்டு, கேட்வேக்குப் பதில் விபிஎன் வைத்து இரண்டோடு முடிக்கலாம். செஷன் ஹோஸ்டை டொமைன் கன்ட்ரோலரில் மட்டும் ஏற்றாதீர்கள். சாதாரணப் பயனர்கள் டொமைனின் சாவி இருக்கும் பெட்டிக்குள்ளேயே உட்காருவார்கள்.

சர்வர் கேல் 26, ஆர்டிஎஸ் கேல் 26. இரண்டும் வேறு வேறு, இரண்டும் வேண்டும். "ஒரே நேரத்தில் 22" என்ற கணக்கு இங்கே செல்லாது. பயனர் கேல் என்றால் பெயருக்கு ஒன்று. இரண்டு ஷிஃப்ட் ஒரே கணினியைப் பகிர்ந்தால் மட்டும் கருவிக் கேல் லாபம்.

கேலின் பதிப்பு சர்வர் பதிப்புக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். 2022 கேல் 2019 சர்வருக்கு ஆகும். 2019 கேல் 2022-க்கு ஆகாது. மலிவாக வரும் பழைய கேலில் ஏமாறுவது இங்கேதான்.

டொமைன் போடுங்கள். ஒர்க்குரூப்பில் பயனர் கேல் வேலை செய்யாது: சர்வர் 2019-இலிருந்து, உரிமச் சிக்கல் என்று ஒரு செய்தி காட்டி 60 நிமிடத்தில் செஷனைத் துண்டிக்கும். ரிமோட்ஆப் வெளியிடும் புரோக்கருக்கும் டொமைன் தேவை.

ஆர்டிஎஸ் நிறுவியதும் 120 நாள் சலுகை ஓடும். கேலை லைசென்ஸ் சர்வரில் ஏற்றினால் மட்டும் போதாது. செஷன் ஹோஸ்டிடம் லைசென்ஸ் சர்வரின் பெயரையும் பயனரா கருவியா என்ற முறையையும் குரூப் பாலிசியில் (விண்டோஸின் நிர்வாக அமைப்புப் பட்டியல்) சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் எல்லாம் நன்றாகவே ஓடுவதுபோலத் தெரிந்து, 121-ஆம் நாள் காலையில் யாரும் உள்ளே வர முடியாது. லைசென்சிங் டயக்னோசர் என்ற கருவியை நிறுவிய அன்றே திறந்து பார்த்துவிடுங்கள்.

எக்செல்: கணினியோடு வந்த அல்லது கடையில் வாங்கிய ஆபீஸை ஆர்டிஎஸ்ஸில் ஏற்ற முடியாது. வால்யூம் உரிமம் வேண்டும், அல்லது பகிர்கணினி ஆக்டிவேஷன் உள்ள மைக்ரோசாஃப்ட் 365 திட்டம். பிசினஸ் பிரீமியத்தில் அது உண்டு, பிசினஸ் ஸ்டாண்டர்டில் இல்லை. அறிக்கை பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் பாதிப் பேருக்கு லிப்ரே ஆபீஸ் போதும்.

டேலி கோல்டு இருப்பது நல்லது. சில்வர் ஒருவருக்கானது, பல செஷனுக்கு அது உதவாது.

சலான்_மெஷின்:

இந்த மாதிரித் திட்டங்கள் கெடுவது பிரிண்டரில்தான் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப்பின் இணைப்பு நெறிமுறை) இயல்பாக ஈஸி பிரிண்ட் என்ற முறையில் அச்சடிக்கும். சர்வரில் பிரிண்டர் டிரைவர் தேவையில்லை. பக்கத்தை ஒரு படமாக்கிக் கிளைக்கு அனுப்பி அங்கே அடிக்கும். லேசருக்கு அருமை. டாட் மேட்ரிக்ஸ் எழுத்தை எழுத்தாக வாங்காமல் படமாக வாங்கினால் ஒவ்வொரு வரியையும் பலமுறை ஓடி அடிக்கும்: மெதுவாக, மங்கலாக. 10 x 6 தாள் அளவும் தவறிப்போய் ஒவ்வொரு சலானுக்குப் பிறகும் தாள் சில வரி நகரும்.

இரண்டு வழி உண்டு.

ஒன்று, ரீடைரக்ஷனையே (கிளைப் பிரிண்டரைச் செஷனுக்குள் காட்டும் வசதி) திருத்துவது. செஷன் ஹோஸ்டின் குரூப் பாலிசியில், பிரிண்டர் ரீடைரக்ஷன் பகுதியில், ஈஸி பிரிண்ட் டிரைவரை முதலில் பயன்படுத்து என்பதை டிசேபிள் செய்யுங்கள். பிறகு கிளைக் கணினியில் இருக்கும் அதே டிரைவரை, அதே பெயரில், எழுத்துப் பிசகாமல் சர்வரிலும் ஏற்றுங்கள். பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் ஃபார்ம்ஸ் என்ற இடத்தில் 10 x 6-ஐ ஒரு பெயர் கொடுத்து உருவாக்க வேண்டும், சர்வரிலும் கிளையிலும் ஒரே பெயரில். "இயல்பு பிரிண்டரை மட்டும் ரீடைரக்ட் செய்" என்ற பாலிசியையும் போடுங்கள், இல்லாவிட்டால் 22 பேரின் பிடிஎஃப் பிரிண்டர், ஃபேக்ஸ் எல்லாம் சர்வரில் வந்து குவியும்.

இதில் மிஞ்சும் குறை: ரீடைரக்ட் ஆன பிரிண்டரின் பெயரில் செஷன் எண் ஒட்டிக்கொள்ளும். இன்று 3, நாளை 7. பெயரை நினைவில் வைத்திருக்கும் பில்லிங் புரோகிராம் மறுநாள் அந்தப் பிரிண்டர் இல்லை என்று நிற்கும். புரோகிராம் "இயல்பு பிரிண்டர்" என்று அடிக்கும்படி இருந்தால் தப்பிக்கலாம்.

இரண்டாவது வழியைத்தான் உங்களுக்குச் சொல்வேன். கிளைக்கும் கோவைக்கும் ரவுட்டர்-ரவுட்டர் விபிஎன் எப்படியும் இருக்கிறது. டாட் மேட்ரிக்ஸுக்கும் லேபிள் பிரிண்டருக்கும் நெட்வொர்க் போர்ட் உள்ள மாடல் வாங்குங்கள், அல்லது சிறிய பிரிண்ட் சர்வர் பெட்டி ஒன்றை மாட்டுங்கள். நிலையான உள் ஐபி கொடுத்து, செஷன் ஹோஸ்டில் நேரடியாக டிசிபி 9100 போர்ட்டில் பிரிண்டராகச் சேருங்கள். பெயர் மாறாது, டிரைவர் ஒரே இடத்தில், தாள் அளவும் ஒரே இடத்தில். கிளைக் கணினி செத்தாலும் பக்கத்துக் கணினியிலிருந்து அடிக்கலாம். லேபிள் பிரிண்டருக்கு அதன் சொந்த மொழியில் கட்டளை அனுப்பும் புரோகிராம் என்றால், ஜெனரிக் டெக்ஸ்ட் டிரைவரைப் போட்டு அந்தக் கட்டளையை அப்படியே போக விடுங்கள். இடையில் வேறு டிரைவர் புகுந்தால் லேபிளில் பார்கோடுக்குப் பதில் கட்டளை வரிகளே அச்சாகும்.

விபி6 புரோகிராமில் பார்க்க வேண்டியது வேறொன்று. பழைய புரோகிராம்கள் நேராக எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டுக்கு எழுதும். அப்படியானால் நெட்வொர்க் பிரிண்டரை ஷேர் செய்து, ஒவ்வொருவரின் லாகான் ஸ்கிரிப்டிலும் நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்தக் கிளைப் பிரிண்டருக்கு மாற்றிவிட வேண்டும். இன்னும் ஆபத்தானது: அச்சடிக்கும் முன் சலானை சி டிரைவில் ஒரே பெயருள்ள டெக்ஸ்ட் ஃபைலில் எழுதும் புரோகிராம். தனிக் கணினியில் அதனால் தொல்லை இல்லை. ஒரே சர்வரில் 22 பேர் ஓட்டினால் சேலத்தின் சலான் திண்டுக்கல்லில் அச்சாகும். எழுதியவரைப் பிடித்து, அந்தப் பாதையைப் பயனருக்குரிய டெம்ப் ஃபோல்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அந்த ஒரு புரோகிராமுக்காகவே உங்கள் தேர்வு மாற வேண்டிவரலாம்: ஆளுக்கொரு தனி மெய்நிகர் கணினி. அது உரிமத்திலும் ரேமிலும் வேறு கணக்கு.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்: ஆர்டிபி செஷனுக்குள் சர்வரில் செருகிய டோக்கன் தெரியாது, உங்கள் முன்னால் இருக்கும் கணினியில் செருகியதுதான் ஸ்மார்ட் கார்டு ரீடைரக்ஷன் வழியே போகும். டோக்கன் டிரைவர் சர்வரிலும் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி, ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர்) தளங்களில் கையெழுத்திடுவதை உள்ளூர் பிரவுசரிலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை. பார்கோடு ஸ்கேனர் கீபோர்டு போலத்தான், எதுவும் செய்ய வேண்டாம். தாள் ஸ்கேனர் ஆர்டிபியில் தானாக வராது. உள்ளூரில் ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போடச் சொல்லுங்கள்.

சலானில் தமிழ்ப் பெயர் அச்சாகிறதா? பாமினி போன்ற பழைய எழுத்துரு என்றால் அது சர்வரில் இருக்க வேண்டும், கிளைக் கணினியில் இருந்து பயனில்லை.

கோவை_கணக்கு:

மூவருக்கும் நன்றி. சலான் ஃபைல் விஷயம் பார்த்தேன், புரோகிராம் அப்படித்தான் ஒரே பெயரில் எழுதுகிறது. எழுதியவர் கோவையிலேயே இருக்கிறார், மாற்றித் தருவதாகச் சொல்கிறார்.

இரண்டு சந்தேகம். கோவை லைன் விழுந்தால் எல்லாம் நிற்கும் என்றால் கிளவுட் நல்லதில்லையா? கேட்வே, விபிஎன் இரண்டில் எது?

மேகமூட்டம்:

கிளவுட் பக்கத்தைச் சொல்கிறேன். உங்களுக்குப் பொருந்துவது மைக்ரோசாஃப்ட் கிளவுடின் அசூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப். ஒரே விண்டோஸ் 11-இல் பலர் உட்காரும் மல்டி-செஷன் பதிப்பு சந்தாவாக அங்கே கிடைக்கிறது. எல்லோருக்கும் மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் இருந்தால் ஆர்டிஎஸ் கேல் தேவையில்லை, எக்செலும் அதிலேயே வந்துவிடும். வெளியிலிருந்து உள்ளே வரும் போர்ட் ஒன்றுகூடத் திறக்க வேண்டாம். செஷன் ஹோஸ்ட் தானே வெளியே போய் இணைப்பைப் பிடிக்கும். சென்னையிலும் புனேயிலும் அசூர் மையங்கள் உண்டு.

செலவில் மூன்று பகுதி: மெய்நிகர் கணினி ஓடும் மணிநேரம், டிஸ்க், சந்தா. நாளுக்கு 10 மணி, மாதம் 26 நாள் என்றால் 260 மணி. மாதத்தின் 730 மணியில் 36 சதவீதம்தான். இரவில் தானாக அணையும்படி அமைத்தால் மணிநேரச் செலவு மூன்றில் ஒரு பங்காகும். அணைத்தாலும் டிஸ்க் வாடகை ஓடும். இரவில் அணைக்க மறந்த மாத பில்லைப் பார்த்து கிளவுட் விலை அதிகம் என்று முடிவு கட்டுபவர்கள் பலர்.

கண்டிப்பான நிபந்தனை: டேலி டேட்டாவும் எஸ்க்யூஎல்லும் அங்கேயே போக வேண்டும். டெஸ்க்டாப்பை கிளவுடில் வைத்து டேட்டாவைக் கோவையில் விட்டால், இன்று கிளைகளுக்கு இருக்கும் மந்தம் நாளை எல்லோருக்கும் வரும். டேலி உரிமம் கணினியோடு பிணைந்தது, ஆகவே ஹோஸ்டை அடிக்கடி அழித்துப் புதிதாக உருவாக்கும் முறை வேண்டாம், நிரந்தர ஹோஸ்ட் ஒன்றே போதும்.

மைக்ரோசாஃப்டின் இன்னொரு கிளவுட் சேவையான விண்டோஸ் 365 ஆளுக்கொரு கணினி என்ற கணக்கு. 26 பேரும் ஒரே டேலி டேட்டாவைத் தொடும் உங்கள் வேலைக்கு அது சுற்றுவழி.

அப்பாச்சி குவாக்கமோலி பற்றி யாராவது சொல்வார்கள். பிரவுசரிலேயே ரிமோட் டெஸ்க்டாப், திறந்த மூலம், நல்ல கருவி. ஆனால் அதில் அச்சு பிடிஎஃப் ஆகத்தான் இறங்கும், சலானுக்கு ஆகாது.

ரேக்_அறை:

மேகமூட்டம் சொன்னது சரி, ஆனால் இவர்களிடம் ஏற்கெனவே சர்வர் அறை, யுபிஎஸ், கோவையில் 12 பேர் இருக்கிறார்கள். அந்த 12 பேர் இன்று லேனில் வேலை செய்கிறார்கள். கிளவுட் போனால் அவர்களும் இணையத்தை நம்பி நிற்பார்கள். ஆள் எண்ணிக்கை பாதிக்கு மேல் ஒரே கட்டடத்தில், வேலை நேரம் நிலையானது, 5 ஆண்டுக்கு மாறாது என்றால் சொந்தப் பெட்டி லாபம். கிளைகள் பெருகும், கோவை அலுவலகத்தையே மாற்றப்போகிறோம், மின்சாரம் நம்ப முடியாது என்றால் கிளவுட். உங்கள் நிலையில் சொந்தப் பெட்டி, இரண்டு லைன் என்பதில் நான் மாறவில்லை.

மேகமூட்டம்:

12 பேர் என்பது 26-இல் பாதிக்கும் கீழே. ஆனாலும் டாட் மேட்ரிக்ஸ் இருப்பதால் உங்கள் முடிவை ஏற்கிறேன். கிளவுடிலிருந்து கிளைப் பிரிண்டருக்கு 9100-இல் பேச அங்கேயும் ஒரு விபிஎன் கேட்வே வாடகைக்கு எடுக்க வேண்டும், அது 24 மணிநேரமும் ஓடும்.

தாழ்ப்பாள்:

பாதுகாப்பு. ஆர்டிபியின் போர்ட்டான 3389-ஐ இணையத்துக்குத் திறக்கவே கூடாது. போர்ட் எண்ணை 3390 என்று மாற்றுவது பாதுகாப்பு ஆகாது, தேடுகருவிகள் எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கின்றன. 2019 மே மாதம் வெளியான புளூகீப் ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் ஆர்டிபி வழியே உள்ளே வர விட்டது. அடுத்த ஓட்டைக்கு உங்கள் சர்வர் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும்.

கேட்வேயா விபிஎன்னா: கிளைகளுக்கு ரவுட்டர் விபிஎன் இருப்பதால் அதன் வழியே ஆர்டிபி போகட்டும், அச்சும் அதே வழியில் போகும். வீட்டிலிருந்தும் பயணத்திலும் வரும் இரண்டு மூன்று பேருக்கு ஒயர்கார்டு என்ற விபிஎன் போதும், யுடிபியில் ஒரே போர்ட். அப்படி வருபவர்கள் பத்துப் பதினைந்து ஆனால் ஆர்டி கேட்வே நல்லது: டிசிபி 443, வேகத்துக்கு யுடிபி 3391, முறையான சான்றிதழ், இரண்டாம் அடையாளச் சோதனை. கேட்வேயின் ரிசோர்ஸ் பாலிசியில் "எந்தக் கணினிக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். செஷன் ஹோஸ்டின் பெயரை மட்டும் கொடுங்கள்.

ரிமோட்ஆப் கொடுத்துவிட்டால் பயனர் அதற்குள்ளேயே அடைபட்டிருப்பார் என்று நம்ப வேண்டாம். டேலியிலோ எக்செலிலோ ஃபைல் ஓப்பன் ஜன்னல் திறந்தால் அதிலிருந்து சர்வரின் எந்த ஃபோல்டருக்கும், கமாண்ட் பிராம்ப்டுக்கும் போகலாம். ஆப்லாக்கரில் மூன்று மென்பொருளை அனுமதித்து மற்றதைத் தடுங்கள். முதல் வாரம் ஆடிட் முறையில் ஓட்டி, எது தடைபடும் என்று லாகில் பார்த்துவிட்டு அமல்படுத்துங்கள். நேராக அமல்படுத்தினால் பில்லிங் புரோகிராமின் ஏதோ ஒரு துணைக் கோப்பு தடைபட்டு வியாபாரம் நிற்கும்.

டிரைவ் ரீடைரக்ஷனை அணையுங்கள். கிளைக் கணினியின் சி டிரைவ் செஷனுக்குள் தெரிந்தால், ஒரு பக்கம் வந்த ரேன்சம்வேர் மறுபக்கத்தையும் பூட்டும். டேலி டேட்டா ஃபோல்டரில் எல்லாப் பயனருக்கும் எழுதும் அனுமதி இருந்தே ஆக வேண்டும் என்பதால், பேக்கப்புதான் கடைசி அரண். பேக்கப் பெட்டி டொமைனில் சேராமல் தனியாக இருக்கட்டும். அது சர்வரிடம் வந்து எடுத்துப் போகட்டும், சர்வர் அதில் எழுத முடியாதபடி.

நீங்கள் கம்பெனி என்பதால் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்ட் திருத்தத்திலிருந்து விதி. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட உத்தரவுப்படி, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் 180 நாள் வைத்திருக்க வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டி லாகின் இயல்பு அளவு சிறியது, சில நாளிலேயே பழையதை அழித்து எழுதும். அளவைக் கூட்டுங்கள் அல்லது வேறிடத்துக்கு அனுப்புங்கள்.

கிளைக் கணினிகளின் விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 4 ஜிபி ரேம் உள்ளதில் லினக்ஸ் போட்டு ரெமினா என்ற ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள் வழியே இணைக்கலாம். அச்சு நெட்வொர்க்கில் போவதால் லினக்ஸில் பிரிண்டர் டிரைவர் தேடும் வேலையும் மிச்சம். விண்டோஸிலேயே இருப்பவர்களுக்கு உள்ளேயே வரும் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன் போதும். ஸ்டோரில் இருந்த தனி ஆப்புக்கு ஆதரவு 2025 மே மாதம் நின்றுவிட்டது.

கோவை_கணக்கு:

தெளிவாகிவிட்டது, சொந்தப் பெட்டி. வாங்கும் முன் ஒரு கிளையில் சோதிக்க முடியுமா?

உரிமம்_பார்:

முடியும். விண்டோஸ் சர்வர் மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாள், ஆர்டிஎஸ் சலுகை 120 நாள். 32 ஜிபி ரேம் உள்ள ஏதாவது ஒரு கணினியில் போட்டு ஈரோட்டை மட்டும் இணையுங்கள். டேலி டேட்டாவின் நகலை வைத்துச் சோதியுங்கள், அசலை அல்ல.

சோதிக்கும் வரிசை: முதலில் 10 x 6 சலான் தொடர்ந்து 20 அடியுங்கள், இருபதாவதிலும் தாள் நகராமல் இருக்கிறதா பாருங்கள். அடுத்து இரண்டு பேர் ஒரே நொடியில் சலான் அடிக்கட்டும், சலான் மாறுகிறதா? பிறகு லேபிள். பிறகு வவுச்சர் பாதியில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, 5 நிமிடம் கழித்துச் செருகி, அதே வவுச்சர் திரும்புகிறதா பாருங்கள். இதற்குத் துண்டித்த செஷனின் காலவரம்பை 2 மணி நேரமாவது வையுங்கள். வரம்பே இல்லாமல் விட்டால் போன வாரம் துண்டித்த செஷன்கள்கூட ரேமைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியாக, ஒரு நாள் முழுக்க கிளையின் முதன்மை லைனை அணைத்து 4ஜி-யில் ஓட்டிப் பாருங்கள்.

சோதனை வெற்றி என்றால் அதே செஷன் ஹோஸ்டை உரிமச் சாவி கொடுத்து முழுப் பதிப்பாக மாற்றலாம், மறுபடி நிறுவ வேண்டாம். டொமைன் கன்ட்ரோலரை அப்படி மாற்ற முடியாது, முதலில் அதன் பொறுப்பை இறக்க வேண்டும். அதனால் டொமைன் கன்ட்ரோலருக்கு மட்டும் முதல் நாளே உரிமம் உள்ள பதிப்பைப் போடுங்கள்.